பட்டியலில் இல்லாத வேலை



உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் புதிய கட்டடம் எந்த அளவில் நிற்கிறது, வாங்கிய கருவி ஓடுகிறதா, படுக்கைகள் எத்தனை என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறீர்கள். கொடுத்தவர்கள் கேட்பது நியாயமே. இந்த இதழில் வேறொன்றைக் குறித்து எழுத விரும்புகிறோம். அந்தக் கட்டடத்தை விடியுமுன் கூட்டித் துடைக்கிறவர்கள், ஓ.பி. சீட்டு எழுதுகிறவர்கள், சலவைக்கூடத்தில் நிற்கிறவர்கள், இரவெல்லாம் விழித்திருக்கும் நர்சுகள் ஆகியோரைப் பற்றியது அது. இவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே சற்றுத் திருத்தி அமைத்துக்கொள்ள நிர்வாகம் இடம் கொடுத்தால், அவர்களுடைய மனநலத்திற்கும் நோயாளியின் நலத்திற்கும் என்ன பயன் உண்டாகும்? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? இவற்றை விளக்குவதே எங்கள் நோக்கம்.

ஒரே வேலை, இரண்டு விதமான மனிதர்

ஆஸ்பத்திரியில் சிலநாள் தங்கியிருந்த எவரும் இதைக் கவனித்திருப்பார்கள். ஒரே வார்டு, ஒரே சம்பளம், ஒரே வாளியும் துடைப்பமும். ஆனாலும் இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் செய்வது இரண்டு வேறு வேலைகளைப் போலத் தோன்றும். ஒருவர் தலைகுனிந்து வந்து, தரையைத் துடைத்து, தலைகுனிந்தே போய்விடுவார். மற்றவரோ, நேற்று வைத்த கஞ்சி அப்படியே இருப்பதைக் கண்டு நர்சிடம் சொல்லுவார். துணைக்கு ஆளில்லாத பாட்டிக்குத் தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைப்பார். இவற்றில் எதுவும் அவருடைய வேலைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்காது.

இதே வேறுபாட்டை அமெரிக்காவில் இரண்டு பேராசிரியைகள் முறையாக ஆராய்ந்தார்கள். ஏமி ரெஸ்நெஸ்கி, ஜேன் டட்டன் என்ற அவ்விருவரும் தங்கள் சகாக்களோடு அந்நாட்டின் மத்தியமேற்குப் பகுதியிலுள்ள ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைச் சந்தித்து, நாள் முழுவதும் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சாரார் தங்களுக்குக் கொடுத்த பட்டியலை ஒப்பித்தார்கள். வேலை பிடிக்கவில்லை, அதற்குத் திறமை ஒன்றும் வேண்டாம், சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். இன்னொரு சாராரின் பேச்சே வேறாக இருந்தது. நோயாளிகளோடும் பார்க்க வருகிறவர்களோடும் பேசுவதையும், நர்சுகளின் வேலை தடைப்படாதபடி தங்கள் வேலையை நேரம் பார்த்துச் செய்வதையும் அவர்கள் சொன்னார்கள். தங்கள் வேலைக்கு மிகுந்த திறமை வேண்டும் என்றும் கருதினார்கள். நெடுநாள் நினைவிழந்து கிடப்போரின் பிரிவில் வேலை செய்த ஒருவர், அறைச் சுவர்களில் மாட்டியிருந்த படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்து வந்தாராம். கண் திறவாத நோயாளிக்கும் அந்தச் சிறு மாற்றம் ஏதாவது நன்மை செய்யாதா என்ற எண்ணந்தான் காரணம். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

2001ஆம் ஆண்டு இவ்விருவரும் வெளியிட்ட கட்டுரை, இப்படி ஊழியர்கள் தாங்களாகவே தங்கள் வேலையை வனைந்துகொள்வதற்கு ஒரு பெயரும் விளக்கமும் கொடுத்தது. 'வேலையை வனைதல்' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். மண் குயவனுடையதல்ல, சக்கரமும் அவன் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பானையின் வடிவம் அவன் விரலில் இருக்கிறது. வேலையும் அப்படியே.

வனையும் வழிகள் மூன்று

முதலாவது, செய்யும் காரியத்தை மாற்றுவது. எதை முதலில் செய்வது, எதைச் சேர்ப்பது, எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்பதெல்லாம் இதில் அடங்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் வேளையில் ஈரத் துடைப்பத்தோடு வார்டில் நிற்பதைவிட, அரை மணி முன்னதாகத் துடைத்து முடித்தால் எல்லாருக்கும் நல்லது என்பது துடைக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். இரவில் காய்ச்சலுக்கு ஒருமுறை, இரத்த அழுத்தத்திற்கு ஒருமுறை, மருந்துக்கு ஒருமுறை என்று நோயாளியை மூன்று தடவை எழுப்பாமல், டாக்டரின் உத்தரவு இடங்கொடுக்கும் இடங்களில் ஒரே தடவையில் முடிக்கும் நர்சும் தன் வேலையை வனைகிறவரே.

இரண்டாவது, யாரோடு எப்படிப் பழகுகிறோம் என்பதை மாற்றுவது. சலவைக்கூடத்தில் நிற்பவர் இரத்தக்கறை படிந்த துணியைத்தான் பார்க்கிறார். அந்தத் துணியில் படுத்திருந்தவரைப் பார்ப்பதில்லை. வாரத்தில் ஒருநாள் வெளுத்த விரிப்புகளை அவரே வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தாம் எதற்காக வெந்நீரில் நிற்கிறோம் என்பது அவருக்குக் கண்ணெதிரே விளங்கும்.

இதன் வலிமையைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ஆடம் கிராண்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் அதை 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைபேசி மூலம் நன்கொடை கேட்கும் பணியாளர்களில் ஒரு பகுதியினர், அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதத்திற்குப் பின் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் சேர்த்த தொகையும் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தன. சந்திக்காதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. கூலியில் மாற்றமில்லை, பேசவேண்டிய பேச்சிலும் மாற்றமில்லை. தங்கள் உழைப்பு போய்ச் சேரும் முகத்தை அவர்கள் கண்டிருந்தார்கள், அவ்வளவே.

மூன்றாவது, வேலையைக் குறித்த எண்ணத்தை மாற்றுவது. 'நான் தரை துடைக்கிறேன்' என்பதும், 'ஆபரேஷன் முடிந்தவருக்குப் புண்ணில் கிருமி பற்றாமல் காக்கிறேன்' என்பதும் ஒரே செயலைப் பற்றிய இரண்டு பேச்சுகள். இரண்டாவது பேச்சு வெறும் ஆறுதல் மொழி என்று எண்ணிவிட வேண்டாம். மருத்துவ உண்மையும் அதுதான்.

மனம் ஏன் வாடுகிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு கருத்து இன்றும் பல நிர்வாகங்களை ஆண்டு வருகிறது. 1911ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு வேலைக்கும் மிகச் சிறந்த முறை ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துத் திட்டமிடுவது நிர்வாகத்தின் பொறுப்பு, அதன்படி செய்வது தொழிலாளியின் பொறுப்பு என்று வாதித்தார். தொழிற்சாலைகளில் உற்பத்தி பெருகியது உண்மை. ஆனால் யோசிக்கிறவன் ஒருவன், செய்கிறவன் வேறொருவன் என்ற பிரிவினையும் கூடவே வந்தது. மருத்துவமனையிலோ இப்பிரிவினை அதிகம் பலிப்பதில்லை. இரண்டு நோயாளிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதே காரணம்.

சோர்வைப் பற்றியும் இன்று தெளிவான அறிவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், வேலையால் வரும் முற்றிலும் சோர்ந்துபோன நிலை விவரிக்கப்பட்டுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள். பலமெல்லாம் வற்றிப்போதல் ஒன்று. வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் இன்னொன்று. தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற உணர்வு மூன்றாவது. நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் உண்டாவது என்றே குறிக்கிறது. ஆகவே சோர்ந்த நர்சைப் பார்த்து, 'உனக்கு விசுவாசம் போதாது' என்றோ 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்றோ சொல்லுவது மருந்தாகாது. வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நெதர்லாந்து, ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டு இதற்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். எந்த வேலையிலும் பாரங்களும் உண்டு, பலங்களும் உண்டு. நீண்ட ஷிப்ட், அவசரம், மனவேதனை ஆகியவை பாரங்கள். சக ஊழியரின் துணை, மேலதிகாரியின் நல்ல வார்த்தை, கற்றுக்கொள்ள வாய்ப்பு, தன் வேலையில் தனக்குள்ள அதிகாரம் ஆகியவை பலங்கள். பாரம் கூடினால் உடல் களைக்கிறது. பலம் குறைந்தால் மனம் விலகுகிறது. ஊழியர் தம் வேலையை வனையும்போது இந்தத் தராசைத் தம் கையாலேயே கொஞ்சம் சரிசெய்கிறார்.

பிழைப்பு, பதவி, அழைப்பு

ரெஸ்நெஸ்கியும் சகாக்களும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட இன்னொரு ஆய்வு, மக்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகக் காண்கிறார்கள் என்றது. சம்பளத்திற்கான பிழைப்பாக ஒரு சிலர், மேலே ஏறும் படியாகச் சிலர், வாழ்வோடு பிணைந்த அழைப்பாகச் சிலர். இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஒரேவிதமான வேலை பார்த்த 24 அலுவலக உதவியாளர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்களும் ஏறக்குறைய மூன்று சம பங்காகவே பிரிந்தார்கள். ஆகவே டாக்டருக்கு மாத்திரம் அழைப்பு, ஆயாவுக்குப் பிழைப்பு என்று பதவியைப் பார்த்துத் தீர்க்க முடியாது.

திருச்சபைக்கு இது புதிதல்ல. வேதத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்த மார்ட்டின் லூத்தர், அழைப்பு என்று பொருள்படும் 'பெரூஃப்' என்ற சொல்லைச் சாதாரணத் தொழில்களுக்கும் வழங்கினார். இன்றும் அம்மொழியில் தொழிலுக்கு அதே சொல்தான். தமிழிலும் ஊழியர் என்ற சொல் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, ஊழியம் என்ற சொல் பிரசங்க பீடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

எப்படித் தொடங்குவது?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கென ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறார்கள். முதலில், இப்போது என் நேரமும் பலமும் எந்தெந்த வேலையில் போகிறது என்று பெரிய, நடுத்தர, சிறிய கட்டங்களாக வரைய வேண்டும். பின்பு, நான் மதிப்பது என்ன, எனக்குக் கைவந்தது என்ன, என் மனம் எதை நாடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, இருக்கும் வேலைக்குள்ளேயே செய்யக்கூடிய மாற்றங்களோடு படத்தை மறுபடியும் வரைய வேண்டும்.

எழுதப் பழக்கமில்லாதவர்களோடு இதைப் பேசியே செய்யலாம். 8 மணி நேர டூட்டிக்கு 16 புளியங்கொட்டைகளைக் கையில் கொடுங்கள். ஒரு கொட்டை அரை மணி நேரம். கூட்டுவதற்கு இத்தனை, குப்பை எடுப்பதற்கு இத்தனை, ஸ்டோரில் பினாயிலுக்காகக் காத்து நிற்பதற்கு இத்தனை என்று தரையில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். காத்து நிற்பதற்கு நாள்தோறும் இரண்டு கொட்டை போகிறது என்றால், அதைப் பார்க்கிற மேற்பார்வையாளருக்குப் பேச்சே தேவைப்படாது. அடுத்த கேள்வி: 'இவற்றில் ஒரு கொட்டையை நீங்களே எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்றால், எங்கே வைப்பீர்கள்?' ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். அதை ஒரு மாதம் செய்துபார்த்து, மறுபடியும் கூடிப் பேச வேண்டும்.

தனியாக வனைவதைவிடக் கூடி வனைவது நல்லது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் கேரி லியானாவும் சகாக்களும் செய்த ஆய்வு 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிரியரும் உதவியாளரும் சேர்ந்து பேசித் தங்கள் வேலையை அமைத்துக்கொண்ட வகுப்பறைகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த கவனிப்பு தரமாக இருந்தது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களுக்கு இது இன்னும் அதிகமாய் உதவியது. வார்டுக்கும் இது பொருந்தும். ஒருவர் தம் வசதிக்காக மாற்றிய நேரம் இன்னொருவர் தலையில் விழக்கூடாதல்லவா?

மாற்றக் கூடாதவையும் உண்டு. மருந்தின் அளவு, கை கழுவுதல், கையுறை ஆகியவற்றில் யாருக்கும் சுயாதீனம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டியதை அப்படியே பிரிக்க வேண்டும். நோயாளியிடம் அன்பாகப் பேசுகிறவர், நோயின் பெயரையோ முடிவையோ சொல்லிவிடக் கூடாது. வேலியை முதலில் தெளிவாகக் காட்டிவிட்டால், அதற்குள் பயமின்றி நடமாடலாம்.

பயன் உண்டா?

2017ஆம் ஆண்டு கோர்ட் ருடால்ஃபும் சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுத் தொகுதிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 35,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பற்றிய தகவல் அது. தங்கள் வேலையை வனைகிறவர்களிடம் ஈடுபாடும் திருப்தியும் அதிகம் என்பது பொதுவான முடிவு. துணையைத் தேடுவதும், புதியதைக் கற்பதும், சற்றுக் கடினமான பொறுப்பை ஏற்பதும் நல்ல பலனோடு சேர்ந்து வந்தன. பாரத்தைத் தட்டிக்கழிப்பதை மாத்திரம் செய்தவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. 2018ஆம் ஆண்டு நெதர்லாந்தில் மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் இப்பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. அதிலும் நலமும் பணித்திறனும் உயர்ந்ததாகக் கண்டார்கள். இது சர்வரோக நிவாரணி அல்ல. ஈடுபாடு உள்ளவர்களே தங்கள் வேலையை வனையத் துணிகிறார்கள் என்பதும் பாதி உண்மை. ஆனாலும் செலவு குறைந்ததும் ஊழியரின் மதிப்பைக் காப்பதுமான ஒரு வழி என்று தயங்காமல் சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை

இதுவரை எழுதியதை ஒரு நிர்வாகம் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். அதை உங்களிடம் மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

2009ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் என்ற இருவர் அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளின் பராமரிப்பாளர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படித்தவர்கள், கூலியோ குறைவு, வேலையோ சாணமும் அழுக்கும். ஆனாலும் தங்கள் வேலையை அழைப்பாக எண்ணினார்கள். அதில் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதே அழைப்பு உணர்வு இன்னொரு பக்கமும் வெட்டியது. அவர்கள் சம்பளத்தையும் ஓய்வையும் சுகத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதனால் நிர்வாகம் தங்களைச் சுரண்ட இடமுண்டு என்பதையும் உணர்ந்திருந்தார்கள்.

இந்தக் கத்தி கிறிஸ்தவ ஸ்தாபனங்களின் கையில் இன்னும் கூர்மையானது. 'இது ஊழியம்' என்று சொன்னால், நம்முடைய ஜனங்களில் வாய் திறந்து சம்பளம் கேட்பவர் யார்? ஆயா ஒருவர் தாமாக முன்வந்து நோயாளிக்குத் தலைவாரி விடுகிறார். அடுத்த மாதம் அதைப் பட்டியலில் எழுதி, எல்லா ஆயாக்களுக்கும் கட்டாயமாக்கி, ஆனால் ஆட்களைக் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அன்பாய் வளர்ந்தது பாரமாய் மாறிவிடும். முதலில் வாரிவிட்டவரே சீப்பைக் கீழே வைத்துவிடுவார்.

ஆகையால் ஒழுங்கு இப்படியிருக்க வேண்டும் என்று நம்புகிறோம். மாதந்தோறும் தவறாத நியாயமான சம்பளம், வார ஓய்வு, போதிய ஆட்கள், கிழியாத கையுறை, பெண் ஊழியர்கள் உடை மாற்றவும் உட்காரவும் ஓர் அறை ஆகியவை முதலாவது. இவை வேலை கொடுத்தவரின் கடன். வேலையை வனைய இடம் கொடுப்பது அதற்கு அடுத்தது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் பேசுவது, பசித்தவனுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது போன்றது. அதேசமயம் முதலாவதை மாத்திரம் கொடுத்துவிட்டு, மனிதரை இயந்திரத்தின் பல்சக்கரமாக நடத்தினாலும் போதாது.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

அடுத்த முறை ஏதாவதொரு மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்பும்போது, எங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் கடைநிலை ஊழியருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்? தங்கள் வேலையைப் பற்றி அவர்கள் பேசவும், நிர்வாகம் கேட்கவும் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? கட்டடத்தைப் பற்றிக் கேட்பதைவிட இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுவது கடினம். ஆனால் நோயாளியின் படுக்கையருகே என்ன நடக்கிறது என்பதை இவையே காட்டும்.

நேரிலே பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர்களையும் புதிய கருவிகளையும் பார்த்தபின், வார்டு துடைக்கிறவரிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டால் பட்டியலைத்தான் சொல்லுவார். 'பட்டியலில் இல்லாமல் நீங்கள் செய்வது என்ன?' என்று கேளுங்கள். சற்று யோசித்துவிட்டு அவர் சொல்லும் பதிலில், உங்கள் காணிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்று உங்களுக்குத் தெரியும். தம் உழைப்பை ஒருவர் கவனித்தார் என்பது அவருக்கும் தெரியும்.